கோட்டை அண்ணனின் ஒற்றை அறை ஸ்டேஷன்

உலகத்திலேயே பயணிகளை ரயில் ஏறவிடாமல் செய்த ஒரே டிக்கெட் ஏஜென்ட் எங்கள் கோட்டை அண்ணன்தான்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஹால்ட் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. டிக்கெட் விற்க ஒரு ஏஜென்ட் உண்டு, அவர்தான் அண்ணன். கட்டடம் என்று பார்த்தால் வெட்டுக்கல் சுவர், ஓட்டுக் கூரை, மேல்பக்கம் வளைந்த ஒரு ஜன்னல், எல்லாம் சேர்ந்து ஒரே அறை. அண்ணன் அதைக் கோட்டை என்பார். எங்கள் பக்கம் ரயில் வந்ததே ராஜா ஆட்சி போய், அவருக்கு மீசை அரும்பிய பிறகுதான். ஆனாலும் மகாராஜா நேரில் வந்து நூல் பிடித்துக் கட்டியதாகச் சத்தியம் செய்வார்.

நான் நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தா. காலை வண்டியைப் பிடிக்க மூச்சு வாங்க ஓடி வருவேன்.

“அண்ணா, நெய்யாற்றின்கரை ஒண்ணு. வண்டி வருது!”

“வரட்டும் மக்கா. இந்த ஜன்னலுக்கு வளைவு எதுக்குன்னு தெரியுமா?”

“நாளைக்குச் சொல்லுங்க அண்ணா, டிக்கெட்ட தாருங்க!”

“மேல உள்ள பாரம் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு எறங்கும். அதுக்காக்கும். சுவரு ரெண்டரை அடி கனம். பீரங்கி வச்சு இடிச்சாலும் நிக்கும்!”

பாரம் இறங்கி முடிவதற்குள் வண்டி போயிருக்கும். பொழியூர்க் கடற்கரையிலிருந்து தலையில் மீன் சருவத்தோடு வந்து, கோட்டையின் ஒரு மூலையில் அந்தப் பாத்திரத்தை இறக்கி வைக்கும் திரேசம்மா அக்கா ஒரு நாள் பொறுமை இழந்தாள். “அண்ணே, உமக்க கோட்டைக் கதைய கேட்டு நிக்கதுக்குள்ள எனக்க மீனு கருவாடாயிரும்.” அண்ணன் அசரவில்லை. வெட்டுக்கல்லின் குளிர்ச்சியில் மீன் மூன்று நாள் கெடாது என்று இன்னும் ஐந்து நிமிடம் பேசினார்.

இரண்டாவது தண்டவாளம் போட அளவெடுக்க ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர். நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நாலடி ஸ்தலம் உண்டல்லோ. கெட்டிடம் நின்னோட்டே” என்று மலையாளத்தில் சொல்லி, கட்டடத்தை விட்டுவைத்தார். அண்ணன் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் கோட்டையைப் பற்றி ஒருவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதை அவரால் பொறுக்க முடியவில்லை.

“நாலடியா! சாறே, அஸ்திவாரம் மட்டும் ஆறடி வெளிய நீண்டு கெடக்கு. சும்மா கெட்டினதில்ல இது!”

“ஆறடியோ? எங்கில் லைன் அதின்றெ மேலல்லே வருந்நது?” இன்ஜினியர் பேனாவை எடுத்து, கட்டடத்தை இடிக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்.

அண்ணன் முகம் வெளுத்தது. “இல்ல சாறே, அது நான் ஒரு பேச்சுக்கு...”

யார் கேட்பது? மனு போட்டோம். எழுதியவன் நான்தான்: “மேற்படி அஸ்திவாரம் மேற்படி அண்ணன் கூறிய அளவுக்கு இல்லை.” பலனில்லை. இடித்துத் தோண்டியபோது அஸ்திவாரம் ஒரு சாண்கூட வெளியே நீளவில்லை. சுவரும் ஒரு அடிதான். அண்ணன் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

அந்த இடம் பிளாட்பாரமாயிற்று. ஓரத்தில் தகரக் கொட்டகையில் அண்ணனுக்குப் புதுக் கவுன்டர். கேட்ட மாத்திரத்தில் டிக்கெட் வந்தது, ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு வாரம் முழுக்க நான் ஆபீசுக்கு முதல் ஆளாகப் போனேன். உடம்புக்கு ஏதாவதா என்று வக்கீல் விசாரித்தார்.

எட்டாம் நாள் திரேசம்மா அக்கா டிக்கெட் வாங்காமல் பிளாட்பாரத்தின் நடுவில் போய் நின்றாள்.

“அண்ணே, நான் சருவம் வைக்கிய மூலை எங்க இருந்துது?”

“விடு மக்கா. எனக்க வாயாலதானே போச்சு.”

“போனது போவட்டு. மூலைய காட்டும்.”

அண்ணன் மெல்ல வெளியே வந்தார். பிளாட்பார விளிம்புக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பு வாளியை எடுத்தார். முதலில் ஒரு மூலை வரைந்தார். பிறகு நாலு சுவர், ஜன்னல், வாசல். சுவரை ரெண்டரை அடி கனத்துக்கு வரைந்தார். ஒரு அடிச் சுவரைக் கண்ணால் பார்த்த நாங்கள்தான் வாளியை நகர்த்திக் கொடுத்தோம். வரைய வரையக் குரலும் திரும்பி வந்தது.

“எலே, சுவரு மேல நிக்காத! வாசல் வழியா வா!”

அதட்டியது என்னைத்தான். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுளில் அன்றுதான்.

அந்தச் சுண்ணாம்பு ஒரே மழைக்காலத்தில் கரைந்துவிட்டது. பிளாட்பாரத்தின் அந்த இடம் வந்தால் இன்றும் நாங்கள் யாரும் குறுக்கே நடப்பதில்லை. சுற்றிப் போய், வாசல் வழியாகத்தான் நுழைகிறோம்.