இரண்டாம் கிளைக்கு நேர்ந்த கதி

என் அக்காளைக் கட்டிக்கொண்டு, அந்த ஒரு குற்றத்துக்காக என்னையும் இத்தனை காலம் சகித்துவரும் மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இன்று முற்பகல் அதற்கு யாரும் உத்தரவாதம் தரத் தயாராக இருக்கவில்லை. அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் மூட்டுவலியும் சண்டை சச்சரவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் அக்கா முதல் வாக்கியத்திலேயே அழுதுவிடுகிறாள், ஆகவே கடிதம். அவளுக்குப் படித்துக் காட்டும்போது மரம் வருகிற இடங்களில் குரலைத் தாழ்த்திக்கொள்ளவும்.

உங்கள் மகள், நம் சுண்டெலி, என்னதான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "பெரிய விஷயம் அத்தான்" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். இப்போது சொல்கிறேன். தீப்பெட்டி அளவில் ஒரு மின்னணுக் கருவி. அதை மரக்கிளையில் கட்டிவிட்டால் கிளை ஆடும் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் எல்லை மீறினால் கம்பியில்லாமல் கோபுரத்துக்குச் செய்தி போகும், கோபுரத்திலிருந்து அரசாங்கக் கணினிக்கு, அங்கிருந்து மரத்தடியில் நிற்பவர்களின் போனுக்கு. அவ்வளவுதான். ஆனால் இதைச் சோதிக்க நான்கு துறைகளிலிருந்து நான்கு பேராசிரியர்கள். மின்னணுக்காரர் "இது காட்டு விஷயமாச்சேம்மா" என்பார். வனவியல்காரர் "இது கரண்டு விஷயம்" என்று கையை உதறுவார். கம்பியில்லாத் தொடர்புக்காரர் எதையும் சொல்வதற்கு முன்னால் "சிக்னல் இருக்கா?" என்பார். அரசாங்கக் கணினியைக் கவனிக்கும் மின்னாளுமை அம்மையார் "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, மத்தவங்களைக் கேளுங்க" என்பதைத் தவிர வேறு வாக்கியம் பேசி உலகம் கேட்டதில்லை. இந்த நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். அந்த நாள் இன்று. "மாமா, இன்னைக்கு விட்டா அவ்ளோதான். ஒருத்தர் ரிட்டயர் ஆகறார், ஒருத்தர் வெளிநாடு போறார். மறுபடி இவங்களை ஒண்ணு சேர்க்க என்னால ஆகாது" என்று காலையில் பல் துலக்கிக்கொண்டே சொன்னாள். பற்பசை கையில் வழிந்தது, அவள் பார்க்கவில்லை.

இந்த மாபெரும் வேள்வியில் அடியேன் பங்கு இரண்டு. ஒன்று, செய்தியின் தமிழ். அரசு மொழிபெயர்ப்புப் பிரிவில் வாழ்நாளைத் தேய்த்தவன் வீட்டிலேயே இருக்கும்போது அவள் வேறு யாரிடம் போவாள்? வாக்கியத்தைச் செதுக்கினேன் அத்தான், சிற்பி தோற்றான்: "இரண்டாம் கிளை முறியும் நிலையில் உள்ளது. கீழே உள்ளோர் உடனே வெளியேறவும்." ஆபத்து நீங்கினால்: "இரண்டாம் கிளை இயல்பு நிலையில் உள்ளது." இரண்டாவது பங்கு, கயிறு. ஆராய்ச்சிக்கூடத்தின் பின்னால் மதிலை ஒட்டி ஒரு ராட்சத மரம். அதன் இரண்டாம் கிளை மதிலைத் தாண்டி அடுத்த வளாகத்தின் மேல் நீண்டிருக்கிறது. பேராசிரியர்கள் மேலே ஜன்னலிலிருந்து பார்க்க, அவள் கையசைத்ததும் நான் கயிற்றை இழுத்துக் கிளையை மெதுவாக ஆட்ட வேண்டும். "மெதுவா மாமா" என்று அவள் சொன்னது உண்மை. என் உடல்வாகு உங்களுக்குத் தெரியும். நான் மெதுவாக உட்கார்ந்ததிலேயே உங்கள் வீட்டுச் சோபா காலமானது.

கையசைத்தாள். இழுத்தேன். கிளை ஆடியது, கருவி விழித்தது, செய்தி பறந்தது. மரத்தடிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அரசாங்கக் கணினி கிளை என்ற சொல்லைக் கண்டதும் என்ன செய்யும்? அதற்குத் தெரிந்த கிளை அலுவலகக் கிளை ஒன்றுதானே! மதிலுக்கு அப்பால் இருந்தது நிலப்பதிவு அலுவலகம், அதுவும் இரண்டாம் கிளை. அத்தனை ஊழியர் போனும் ஒரே குரலில் அலறியது. "கிளை முறியுதாமே, கட்டடம் இடியப் போகுதய்யா!" என்று ஒருவர் கத்த, சம்பள நாளில்கூட அந்த வேகத்தில் படியிறங்காதவர்கள் ஆற்று வெள்ளமாக வெளியே வந்தார்கள். வந்தவர்கள் வெயிலில் நிற்பார்களா? நிழல் தேடினார்கள். நிழல் எங்கே இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா அத்தான்? அந்தக் கிளைக்கு நேர் கீழே.

அப்போதுதான் படக்கென்று ஒரு சத்தம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வாய் பிளந்தது. என் கையிலிருந்து கயிறு நழுவியது என்று எழுதத்தான் ஆசை, விட்டேன் என்பதே சரி. கிளை ஒரு முழம் தாழ்ந்து அப்படியே நின்றது. ஓர் இலை ஆடவில்லை. ஆடிக்கொண்டிருந்தபோது இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. உடைந்த நாற்காலி ஒன்றின் மேல் ஏறி மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினேன்.

"ஐயா, கீழ நிக்காதீங்க! கீழ இருக்கறவங்க வெளியேறணும்!"

"நாங்க மேல் மாடிங்க. கீழ் மாடிக்காரங்கதான் வெளியேறணும், அவங்களும் வந்துட்டாங்க. நீங்க பதறாதீங்க" என்றார் கண்காணிப்பாளர், தொப்பையைத் தடவியபடி.

"மாடி இல்லைய்யா, மரம்! உங்க தலைக்கு மேல பாருங்க, கிளை!"

"கிளையில இருந்துதானேய்யா வந்திருக்கோம்!"

அத்தான், நான் பெற்ற தமிழே என்னைக் கைவிட்ட இடம் அது. அதற்குள் சுண்டெலி மேலே பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, நாலு பேராசிரியர்களையும் நாற்காலியோடு விட்டுவிட்டு, படிகளில் உருண்டாளோ பறந்தாளோ தெரியாது, வாசலைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றாள். மூச்சு வாங்குகிறது, குரல் எழும்பவில்லை. கண்காணிப்பாளரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "யாரும்மா நீ? எதுவா இருந்தாலும் போன்ல உத்தரவு வரட்டும்" என்கிறார் அந்த மகானுபாவர். கிளையிலிருந்து பட்டைத்தூள் அவர் வழுக்கையில் உதிர்கிறது, துடைத்துக்கொள்கிறார்.

உத்தரவுதானே வேண்டும்? உங்கள் மகள் போனை எடுத்தாள். கட்டைவிரல் மின்னலாக ஓடியது, மின்னலுக்கு மூச்சு வாங்கியது. மறுகணம் எல்லாப் போனும் மணியடித்தன: "இரண்டாம் கிளை இயல்பு நிலையில் உள்ளது."

"இயல்பு நிலைன்னா வேலை பாக்கணுமா சார்?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது.

"வேற என்ன? நடங்கய்யா உள்ள."

முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கடைசி ஆள், கையில் குடையோடு ஒரு தட்டச்சு அம்மாள், வராந்தாவில் காலை வைத்தார். கிளை விழுந்தது. பூமி மூன்று முறை குதித்தது. நிழலுக்காக அங்கே நிறுத்தியிருந்த வனவியல்காரரின் கார் இனி காராக இல்லை, தாளாக இருக்கிறது. ஒரு மனிதருக்கும் கீறல் இல்லை.

மயங்கி உட்கார்ந்த அந்தத் தட்டச்சு அம்மாளுக்குச் சுண்டெலி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேலே அவள் பட்டம் போய்க்கொண்டிருந்தது. "இயல்பு நிலைன்னு கருவி சொல்லுது, உடனே கிளை விழுது. இதுக்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று கம்பியில்லாத் தொடர்புக்காரர் பேனாவை மூடிவிட்டார். மின்னாளுமை அம்மையார் தன் வாக்கியத்தைச் சொன்னார். நான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்து சபை நடுவே நின்றேன். கருவி சொல்லவில்லை ஐயா, உயிர்களைக் காப்பாற்றத் தன் கையால் அந்தப் பெண்தான் அந்தச் செய்தியை அனுப்பினாள், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று முழங்கினேன். காரை இழந்தவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு அவளைக் கூப்பிட்டு, "உன் சமயோசிதத்தை மெச்சுகிறோம்" என்றார்கள். ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்ததைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, தலையைக் குனிந்து நின்றாள். ஆக, உங்கள் வீட்டில் இனி ஒரு டாக்டர். மூட்டுவலிக்கு மருந்து கேட்டுவிடாதீர்கள்.

அக்காவுக்கு என் கோடி அன்பு. உங்கள் மூட்டுகளுக்கு என் அனுதாபம். குடும்பம் முழுவதும் ஆலமரம் போல, வேண்டாம், வேறு எதைப் போலவாவது செழிக்கட்டும்.

தங்கள் பெருமைக்குரிய (என்று நானே சொல்லிக்கொள்ளும்)
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் சுண்டெலி வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் முகம் வேறாகிவிட்டது.

"மாமா, என் போன் மேல மேசையிலயே இருந்துச்சு. என் கையில இருந்தது அறைச் சாவி. நான் எதையும் அனுப்பல."

"அப்போ அனுப்பினது யாரு?"

"கருவிதான். நீங்க கயிறை விட்டதும் ஆட்டம் நின்னுடுச்சு. ஆடலைன்னா பத்திரம்னு நான்தானே அதுக்கு எழுதி வச்சிருக்கேன்." அப்புறம் மெதுவாக, "இதை அவங்ககிட்டயும் இப்படியேவா சொன்னீங்க?"

மேலே எழுதியதைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாம், அப்பாவுக்கு அப்படியே அனுப்புங்க. கீழ இதையும் எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு, கையெழுத்தான அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நால்வரும் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார்கள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் உள்ளே போய் வெகுநேரம் ஆகிறது. ஒரு சத்தமும் வரவில்லை அத்தான். இதை இயல்பு நிலைக் கணக்கில் சேர்ப்பதா, முறியும் நிலைக் கணக்கில் சேர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.