கரீம் பாய் கடைமேல் விழுந்த சிவப்புப் புள்ளி

எதிரில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, விலக்கியும் விடாமல் வேடிக்கையும் பார்க்காமல், "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா, அக்கம்பக்கமா, இல்ல முன்பின் தெரியாதவங்களா?" என்று விசாரிக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மேடம்தான் அவர்.

காரைக்கால் பஸ் நிலையத்தில் அவர் அப்படிக் கேட்டதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். சண்டைக்காரர்கள் குழம்பிப்போய், "மச்சான் முறைங்க" என்றார்கள். மேடம் தலையாட்டிவிட்டு, "ஆயுதம்?" என்றார். ஒருவர் கையிலிருந்த டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டினார். அதற்குமேல் சண்டை போட அவர்களுக்கே கூச்சமாகிவிட்டது. ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் சம்பவ மேடம். போலீஸ் ஸ்டேஷன்களில் ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள் அல்லவா, என்ன நடந்தது, எப்போது, எங்கே, எதை வைத்து அடித்தார்கள், அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் என்ன உறவு என்று? அதை முறைப்படி அனுமதி வாங்கி, ஆள் பெயர்களை எடுத்துவிட்டு, அவரிடம் கொடுத்திருந்தார்கள். எந்த இடத்தில் எந்த நேரத்தில் திருட்டு அதிகம் என்று கண்டுபிடித்துச் சொன்னால் அங்கே விளக்குப் போடலாம், ரோந்து விடலாம். அதுதான் ஆராய்ச்சி. சாப்பாடு, தூக்கம், தீபாவளி எல்லாம் அவருக்கு அதற்கு அப்புறம்தான்.

ஆள் பெயர் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. நான் அவருக்கு 'கீழ்வீட்டு சார்'. என் மனைவி 'கீழ்வீட்டு அம்மா'. யாராவது "நம்ம பாலு இருக்கானே, அவன்தான் மோட்டாரைத் தூக்கிட்டான்" என்று ஆரம்பித்தால் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்வார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"பேர் தெரிஞ்சா எனக்கு அவர் மேல கோபம் வந்துடும் சார். அப்புறம் எண்ணும்போது கை தடுமாறும்" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் போட்ட வரைபடம்தான் ஊரையே கலக்கியது. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் அதைத் திரையில் காட்டினார். வயல், வாய்க்கால், தெரு எல்லாம் பச்சையாக இருக்க, மெயின்ரோட்டு முக்கில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தர்பூசணியை வெட்டி வைத்தாற்போல் கிடந்தது. அது கரீம் பாயின் டீக்கடை. யாரோ போனில் படம் எடுத்தார். சாயங்காலத்துக்குள் அது எல்லார் போனுக்கும் போய்விட்டது.

கரீம் பாய் துபாயில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து, மிச்சத்தை அந்தக் கடையில் போட்டவர். ஊரில் நடக்கும் அத்தனை திருட்டுக்கும் அவர் கடைதான் தலைமையகம் என்று படமே சொல்லும்போது இடத்துக்காரர் சும்மா இருப்பாரா? மாதம் முடிவதற்குள் காலி செய் என்று சொல்லிவிட்டார். பாய் எங்கள் வீட்டுக்கு வந்து, மாடிப்படியின் கீழே நின்றார். சத்தம் போடவில்லை.

"மேடம், என் கடையில டீ ஆறிப்போறதத் தவிர வேற குத்தமே நடந்ததில்லைங்க. அல்லா மேல ஆணை."

மேடத்தின் முகம் செத்துவிட்டது. பதிவை மறுபடி பார்த்தார், மறுபடி எண்ணினார். எப்படி எண்ணினாலும் பாய் கடைதான் வந்தது. இரண்டு நாள், என் மனைவி மாடிக்கு அனுப்பிய சாப்பாட்டுத் தட்டு அப்படியே கீழே வந்தது.

அப்போதுதான் கூரியர்காரர் என் மனைவிக்கு போன் செய்தார். "கரீம் பாய் கடைக்கு வந்துட்டு போன் பண்ணுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, படியில் இறங்கிக்கொண்டிருந்த மேடம் அப்படியே நின்றார்.

"அம்மா, நம்ம வீடு அந்தக் கடைக்குப் பக்கமா?"

"எங்கங்க பக்கம்? ஊரத் தாண்டிப் போவணும். ஆனா இங்க எல்லாரும் அப்படித்தான சொல்லுவோம்."

மேடம் மிச்சப் படிகளை எப்படி இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. செருப்பில்லாமல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். வாய்க்கால் மதகில் மோட்டார் போனாலும், கொல்லையில் ஆடு போனாலும், ஸ்டேஷனில் 'எந்த இடம்?' என்றால் எங்கள் ஜனம் வாய்கூசாமல் சொல்வது, 'கரீம் பாய் கடைகிட்ட.' எழுதுகிறவரும் உள்ளூர்க்காரர். அவருக்கும் அது சரியாகவே பட்டிருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து மேடம் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பொருளைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் திருடன் பெயரைச் சொல்லத்தான் ஆசை. மேடம் காதைப் பொத்திக்கொண்டு, "பேர் வேணாம், இடத்தக் காட்டுங்க" என்று எழுந்துவிடுவார். சேற்றில், வரப்பில், முள்ளில் அவர்கள் பின்னாலேயே நடந்து இடத்தைக் குறித்துக்கொண்டு வருவார். பாய் அவருக்கு டீ கொடுத்தார். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். அப்புறம் இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார்.

அதே கொம்யூன் அலுவலகத்தில் அதே ஆட்களை மறுபடி கூட்டினார். பெரிய படிப்புப் படித்தவர்கள் பதிவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மேடம் மைக்கைப் பிடித்து, "பதிவுல தப்பில்ல. ஊர் பேசுற மாதிரிதான் எழுதியிருக்காங்க. ஊரத் தெரிஞ்சுக்காம படிச்சது நான். பாய்கிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்" என்றார். புதுப் படத்தில் கடை பச்சையாக இருந்தது. காரைக்கால் ரோட்டு வளைவு சிவந்திருந்தது. காரைக்காலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறும் இருட்டு மரத்தடி அது. இப்போது அங்கே விளக்கு எரிகிறது. இடத்துக்காரர் பாய் கடையில் வந்து டீ குடித்துவிட்டுப் போனார். அந்தப் புதுப் படம் கண்ணாடி போட்டு பாய்லருக்கு மேலே தொங்குகிறது.

மேடம் வேறு மாவட்டத்துச் சம்பவங்களைத் தேடிப் போய்விட்டார். மாடிக்கு ஆள் கேட்டு வருகிறார்கள். விட மனசு வரவில்லை. கூரியர்காரர்கள்கூட இப்போது பாய் கடையில் நிற்பதில்லை, 'சம்பவ மேடம் வீடு' என்று கேட்டு நேராக வந்துவிடுகிறார்கள். போன வாரம் தெருக்கோடியில் யாரோ கோழியைப் பறிகொடுத்துப் புகார் எழுதினார்; இடம், சம்பவ மேடம் வீட்டருகில். என் மனைவி பதறுகிறாள், அடுத்த படத்தில் நம் வீடுதான் சிவக்கப்போகிறது என்று.

சிவக்கட்டும். அதைச் சரிசெய்யவாவது அவர் வருவார்.