கியர் ஆயிலும் கணியூர் விருந்தும்

இந்த ஞாயிற்றுக்கிழமை கணியூர் போவதில்லை என்று தீர்மானம் போட்டேன். ஏகமனதான தீர்மானம். கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

கணியூரில் இருப்பவர் அர்த்தநாரி. என் மனைவி சுப்பாத்தாளின் அண்ணன். நல்ல மனுஷன்தான். ஆனால் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். சாப்பிட்டுக் கை கழுவினதும் என்னைத் தோப்புக்குள் கூட்டிப்போய், ஒவ்வொரு மரமாக நிறுத்தி அதன் ஜாதகத்தைச் சொல்வார். போன தடவை ஒரு மரத்தின் வரலாற்றை அவர் ஆரம்பித்தபோது அதில் குரும்பை. முடித்தபோது தேங்காய்.

நான் திருப்பூரில் டையிங் மாஸ்டர். இந்த வயசிலும் வாரம் ஆறு நாள் சாயத்தொட்டி ஆவியில் வேகிறவன். ஏழாவது நாள் மத்தியானம் ஒரு தூக்கம் கேட்கிறேன். அது பேராசையா?

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை அண்ணன் ஊட்டுல விருந்து. நேரமே கெளம்போணும்" என்று சுப்பாத்தாள் சொன்னதும் யோசித்தேன். தலைவலி, இடுப்பு வலி எல்லாம் ஏற்கனவே செலவழித்தாயிற்று. மிச்சம் இருந்தது கார்தான்.

நம்முடையது பழைய ஆட்டோமேட்டிக் கார். ஒரு பனியன் கம்பெனிக்காரரிடம் வாங்கியது. மூன்று மாசமாகவே சுப்பாத்தாள் அதன்மேல் புகார் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மேடு ஏறுனா வண்டி முக்குதுங்க."

"உனக்கும் எனக்கும் முக்காதா?"

"கியர் போட்டா உடனே நகர மாட்டேங்குதுங்க."

"ஆட்டோமேட்டிக் புள்ள. யோசிச்சுத்தான் நகரும்."

"கியர் ஆயிலை மாத்துனீங்களா?"

"வித்தவரே சொன்னாரு, லைஃப்டைம் ஆயில்னு."

"ஆரோட லைஃப்டைமுங்க?"

மெக்கானிக் பட்டறையில் ஒரு நாள் உட்கார எனக்குத் தெம்பு இல்லை. அதனால் வண்டிக்கு ஒன்றுமில்லை என்று சாதித்துவிட்டேன்.

இப்போது அதே வண்டிக்கு நோய் வரவழைக்க வேண்டும். பானட்டைத் திறக்கக்கூடச் சோம்பல். சாயத்தில் ஊறினவனுக்கு ஒரு ஷேடு கொண்டுவரத் தெரியாதா? முறுக்குச் சுட்ட பழைய எண்ணெயை எடுத்தேன். ஒரு சிட்டிகை சிவப்பு, அதைவிடக் கொஞ்சம் கறுப்பு. கலக்கி ஒரு வெள்ளை பனியன் வேஸ்ட் துணியில் தடவினேன். கருகின கியர் ஆயில் தயார். அதைப் பார்த்தால் எந்த வண்டியும் அழும்.

"சுப்பாத்தா, நீ சொன்னது சரிதான். ஆயில் தீய்ஞ்சு போச்சு. இதுல கணியூர் போனா பாதி வழியில நிக்கோணும்."

அவள் துணியை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவள். பனியனில் ஒரு ஊசி ஓட்டையைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிப்பாள். முகர்ந்தாள்.

"ஓமம் வாசம் வருதுங்க."

"புது மாடல் ஆயில்."

"ஏனுங்க, சரக்கு வாங்குற பையர் வந்தா நாம நீட்டுற பீஸையா செக் பண்ணுவான்? பெட்டியப் பிரிச்சு அவனா ஒண்ணு எடுப்பான். வாங்க, சாம்பிள் நானே எடுக்கறேன்."

என்னை இஞ்சினை ஓடவிடச் சொல்லி, பானட்டைத் திறந்து, கியர் ஆயில் அளவுகோலை உருவி, சுத்தமான வெள்ளைத் துணியில் துடைத்தாள். என் கதை முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வாசம் வந்தது. திறந்தேன்.

துணியில் கறுத்த பழுப்பு. காயப்போடும் மெஷினில் துணி சிக்கி நின்றால் ஒரு கருகல் வாடை வருமே, அதே வாடை. என் போலி ஆயில் இதன் முன்னால் பன்னீர்.

"மெய்யாலுமே தீய்ஞ்சிருக்குதுங்க" என்றாள்.

"நாந்தான் சொன்னேனே!" என்றேன். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. நான் பொய் சொன்னால்கூட வண்டி அதைக் காப்பாற்றுகிறது.

சனிக்கிழமை காலை ஜமால் பாய் பட்டறையில் வண்டியை விட்டோம். அடியில் படுத்து ஆயிலை இறக்கினார். கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தை விரலால் வழித்துக் காட்டினார்.

"நைசு மாவாத்தான் இருக்குது மாஸ்டர். இரும்புத் துண்டா வந்திருந்தா கியர் பெட்டியவே மாத்தோணும். நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க."

"ஆயிலை மாத்துனா முடிஞ்சுதா பாய்?"

"ஒரே தடவைல பாதிதான் எறங்கும். ஃபில்டர மாத்திப்போட்டு, புதுசு ஊத்தி, ஓட்டிப் பாத்துட்டு மறுக்கா மாத்தோணும். நீங்க சாயத்துணிய அலசுற மாதிரித்தான்."

அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். "பாய், அவசரமே இல்லை. நிதானமாப் பண்ணுங்க. திங்கக்கிழமைன்னு சொல்லுங்க. செவ்வாய்னாலும் சரி."

"சாயங்காலமே ரெடி மாஸ்டர். ஆயிலு, ஃபில்டர் எல்லாம் வாங்கி வெச்சாச்சு. அக்கா போன வாரமே போன் பண்ணிட்டாங்களே."

போன வாரமா? வண்டி கெட்டுப்போச்சு என்று நான் முடிவு செய்ததே நேற்றுத்தானே!

சாயங்காலம் வண்டி வந்தது. அளவுகோலில் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பு. கியர் போட்டதும் நகர்ந்தது, யோசிக்கவே இல்லை. மேட்டில் சத்தமில்லாமல் ஏறியது. முக்கினது நான்தான். பக்கத்தில் சுப்பாத்தாள் சௌகரியமாகச் சாய்ந்திருந்தாள். தோற்றவன் மரியாதையாகத் தோற்க வேண்டும்.

"செரி புள்ள. நாளைக்கு விருந்து எத்தன மணிக்கு?"

"எந்த விருந்துங்க?"

"கணியூர்ல. உங்கண்ணன் ஊட்டுல."

"அண்ணன் ஊடு பூட்டிக் கெடக்குதுங்க. எல்லாரும் காசிக்குப் போயி வாரமாச்சு."

"அப்ப எதுக்கு விருந்துன்னு சொன்னே?"

"மூணு மாசமாக் கெஞ்சுனேன். வண்டிக்கு ஒண்ணுமில்லைன்னீங்க. எங்க அண்ணன் ஊட்டுக்குப் போகோணும்னா மட்டும் உங்களுக்கு எல்லா நோவும் வருமில்லீங்க? கணியூர்னு ஒரு வார்த்தை சொன்னேன். வண்டி கெட்டுப்போச்சுன்னு நீங்களே உங்க வாயால சொல்லிப்போட்டீங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஒரு கொட்டாவி, அதன் பின்னாலேயே ஒரு பேரானந்தம். விருந்து இல்லை. தோப்பு இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை!

"அப்ப நாளைக்கு நான் தூங்கலாமா, சுப்பாத்தா?"

"தாராளமாத் தூங்குங்க. காசி ரயிலு காலைல நேரமே திருப்பூருக்கு வந்துரும்; அண்ணன் குடும்பத்தக் கணியூர்ல எறக்கி உட்டுப்போட்டு வந்து தூங்குங்க."