மூட்டைக் கப்டனும் இரண்டாவது பரசூட்டும்

திருகோணமலையில் துணிச்சல்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கொந்தளிக்கிற கடலில் வள்ளம் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் இல்லாத சைக்கிளில் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பயப்படுவதை ஒரு முழுநேர வேலையாக எடுத்து, ஒழுங்காக, லீவு போடாமல், சந்தோஷமாகச் செய்கிற ஒரே மனிதர் எங்கள் மூட்டைக் கப்டன்தான். அவரைப் போலப் பயப்பட இன்னொருவர் இனிப் பிறந்து வரவேண்டும்.

நான் ஓர்ஸ் ஹில் சந்தியில் ஓட்டோ ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தில் அதிக காலம் இருக்கவில்லை. ஆட்களை ஏற்றி இறக்கியதில் தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு. அப்படி ஏற்றிய ஆட்களில் இவரைப் போல ஒருவரை நான் காணவில்லை.

வெளிநாட்டில் விமானம் திருத்துகிற வேலை பார்த்து, ஓட்டவும் பழகி, ஓய்வு பெற்று வந்தவர் அவர். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் பிரிஜ் கொண்டு வருவார்கள், பெரிய டிவி கொண்டு வருவார்கள். இவர் இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு சின்ன விமானத்தைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் கொண்டு வந்தார். சீனன்குடாப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அதைப் பறக்கவிட அனுமதி எடுத்து முடிப்பதற்குள் தலையில் மிச்சமிருந்த மயிரும் போய்விட்டது.

மூட்டை என்ற பெயர் வந்தது பரசூட்டால். விமானம் வானத்தில் கைவிட்டால் பாய்ந்து இறங்குவதற்கு முதுகில் கட்டுகிற சாமான். அதைக் கட்டாமல் அவர் விமானத்தில் கால் வைக்கமாட்டார். அது பரவாயில்லை. இறங்கிய பிறகும் கழற்றமாட்டார். முதுகில் மூட்டையோடு தேத்தண்ணிக் கடைக்கு வருவார், மூட்டையோடு வடை சாப்பிடுவார். ஏன் என்று கேட்டேன். விமானத்துக்குள் இருக்கும்போது பரசூட் வாரைக் கழற்றுகிற பழக்கம் கைக்கு வரவே கூடாதாம். அந்தரம் அவசரத்தில் கை தான் பழகினதைத்தான் செய்யுமாம். அப்படியானால் தேத்தண்ணிக் கடையில் கழற்றலாமே என்றேன். கொஞ்சம் யோசித்தார். அது சரிதான் என்றார். கழற்றவில்லை.

ஒரு பரசூட்டைத் தெரிவு செய்ய அவர் வைத்த சோதனையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம். அதைக் கட்டிக்கொண்டு திருகோணமலையில் பஸ் ஏறி, கடற்கரை ரோட்டால் குச்சவெளி வரைக்கும் போய்த் திரும்பி வருவார். முதுகு நொந்தால், வார் தோளை அறுத்தால், குனிந்து செருப்பை எடுக்க ஏலாவிட்டால், அது சரியில்லை. இடைஞ்சல் தருகிற பரசூட்டை மனிதன் ஒரு நாள் சோம்பலில் வீட்டில் வைத்துவிட்டுப் போவானாம். அந்த நாளில்தான் அது தேவைப்படுமாம்.

பஸ் கொண்டக்டர் கிண்ணியாப் பொடியன். முதல் நாள் அவன் மூட்டையைக் கீழே வைக்கச் சொன்னானாம், ஆட்களுக்கு இடிக்கிறது என்று.

"இது மூட்டை இல்ல தம்பி, என்ர உயிர்" என்றிருக்கிறார் கப்டன்.

"அப்ப உயிர மடியில வைங்க ஐயா. நிக்கிற ஆக்களுக்கு எடமில்ல."

பெயர் அன்றைக்கு விழுந்தது. குச்சவெளிக்குப் போகுமுன்பே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

ஒருமுறை கொழும்பில் ஒரு சிநேகிதர் பழைய பரசூட் ஒன்றைச் சும்மா தந்தார். பார்த்தால் புதுச் சேலை மாதிரி மினுங்கியது. கப்டன் அதை மூக்கில் வைத்து மணந்தார். பிறகு எந்த வருஷத்தில் தைத்தது, எந்த வெயிலில் கிடந்தது, கடைசியாக ஆர் பிரித்து மடித்தது என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரிப்பது போல விசாரித்தார். பாவிக்காவிட்டாலும் அதைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை பிரித்து, பார்த்து, மடிக்கப் படித்த ஆளிடம் கொடுத்து மடிக்க வேண்டுமாம். சிநேகிதருக்கு ஒரு பதிலும் தெரியவில்லை. கப்டன் அதை வெட்டி, கொட்டிலுக்கு முன்னால் வெயிலுக்குக் கட்டினார். நான் ஓட்டோவை அதன் கீழேதான் விடுவேன். நல்ல நிழல்.

அவருடைய சொந்தப் பரசூட், முதுகில் இல்லாத நேரங்களில், வீட்டில் அலுமாரிக்குள் இருந்தது. உப்புக் காற்றும் ஈரமும் படக்கூடாது என்று, அவருடைய மனைவி புவனத்தின் சேலைகளை எல்லாம் சூட்கேஸுக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தில் வைத்திருந்தார். புவனத்தை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். என் ஓட்டோவில் சந்தைக்குப் போகும்போது அவ சொல்லுவா:

"என்ர வீட்டுச் சக்களத்தி அலுமாரிக்குள்ள இருக்கிறா அண்ணை. சேலை கட்டாதவ, ஆனா சேலை வைக்கிற இடம் அவவுக்குத்தான்."

இனி விஷயத்துக்கு வருகிறேன். புவனம் தங்கச்சி வெருகல் ஆள். பிறந்த ஊரை, ஆறு கடலில் விழுகிற இடத்தை, முருகன் கோயிலை, ஒருமுறை மேலிருந்து பார்க்கவேண்டும் என்பது அவவின் ஆசை. விமானம் வந்த நாளிலிருந்து கேட்கிறா. கப்டன் கூட்டிக்கொண்டு போகவில்லை. பின் ஆசனத்துக்கு நல்ல பரசூட் கிடைக்காமல் ஆரையும் ஏற்றமாட்டேன் என்று நின்றார். மனிசிக்கு அது சாட்டாகத்தான் பட்டது.

பரசூட்டுக்கு நிறை முக்கியமாம். இன்ன நிறைக்கு, இன்ன வேகத்துக்கு என்று அதிலேயே தைத்திருக்குமாம். நிறை கூடிய ஆள் சின்னதைக் கட்டிக்கொண்டு பாய்ந்தால் அது விரிந்தும் பிரயோசனமில்லை, தரையில் வந்து அடிபட வேண்டியதுதான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பெரியதை வாங்கவும் ஏலாது. பின் ஆசனம் என் ஓட்டோவின் முன் சீற்றை விட ஒடுக்கம். பெரிய மூட்டையோடு இருந்தால் தலை மேலே உள்ள கண்ணாடி மூடியில் முட்டும், ஆள் இறுகிப்போவா, வெளியே வர வழியில்லை. ஆகவே சரியான நிறை தெரிய வேண்டும்.

கப்டன் கேட்டார். கேட்ட இடம்தான் பிழை. கப்டனின் அக்காமார் இரண்டு பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஈர்க்கு மாதிரி. கலியாணம் கட்டி வந்த நாள் முதல் புவனம் தங்கச்சியின் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது. அந்த மச்சாள்மாருக்கு நடுவில், மீன் குழம்பு பரிமாறிக்கொண்டிருந்த மனிசியிடம், "புவனம், உம்மட நிறை எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்.

அவ ஒரு கணக்குச் சொன்னா. மச்சாள்மாருக்குச் சொன்ன கணக்கு அது. கப்டன் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கணக்குக்கு ஒரு பரசூட் வந்தது. அந்தக் கணக்குக்கு அரிசி நிறுத்து, சாக்கில் கட்டி, பின் ஆசனத்தில் இருத்தி, பெல்ட் போட்டு, கப்டன் வானத்தில் சுற்றிக் காட்டினார். வெருகலைப் புவனத்துக்கு முன்னால் பார்த்தது அந்தச் சாக்கரிசிதான்.

பிறகு பயிற்சி. அதற்கு என் ஓட்டோதான் விமானம். புவனம் தங்கச்சி பின் சீற்றில் மூட்டையோடு இருப்பா, இடுப்பில் ஒரு கயிறு பெல்ட். நான் ஹோர்ன் அடித்தால் இல்லாத மூடியைத் தள்ளி, பெல்ட்டைக் கழற்றி, வெளியே பாய்ந்து, பரசூட் கைபிடியை இரண்டு கையாலும் இழுக்கிற மாதிரிக் காட்ட வேண்டும். முதல்தரம் ஹோர்ன் அடித்தேன். அவ பதறிப்போய்ப் பரசூட் வாரைக் கழற்றிவிட்டு, கயிற்றையும் கழற்றிவிட்டு, அழகாகக் கீழே இறங்கி நின்றா.

கப்டன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"இப்ப நீர் மட்டும்தான் பாய்ஞ்சிருக்கிறீர். பரசூட் பிளேனுக்குள்ள இருந்து உம்மைப் பார்த்துக்கொண்டிருக்குது."

அவவின் கை பழகும் வரைக்கும் நான் ஹோர்ன் அடித்தேன். பக்கத்து வீட்டு ஆட்கள் ஓட்டோ பழுது என்று நினைத்து மெக்கானிக் ஒருவரை அனுப்பிவிட்டார்கள்.

பறக்கிற நாள் வந்தது. கொட்டிலடியில் நல்ல கூட்டம். தேத்தண்ணிக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மச்சாள்மார் இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நின்றார்கள். புவனம் தங்கச்சி நெற்றி நிறையத் திருநீறோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு பின் ஆசனத்தில் ஏறி இருந்தா. கப்டன் வழமைபோல விமானத்தைச் சுற்றி வந்தார். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் காலடியில் வந்ததும் நின்றார். குனிந்தார். அரிசிச் சாக்கு இருந்தபோது அந்தக் கால் எவ்வளவு வளைந்தது என்று அவருக்குப் பாடம். இப்போது அதைவிடக் கூடுதலாக வளைந்திருந்தது.

"உம்மட கைப்பையைத் தாரும்" என்றார்.

பைக்குள்ளிருந்து முதலில் புட்டுப் பார்சல் வந்தது. பிறகு தண்ணீர்ப் போத்தல். பிறகு கண்ணாடி போட்ட முருகன் படம். கடைசியாக ஒரு குடை.

"குடை எதுக்கு?"

"உங்கட பரசூட் விரியாட்டி?"

கூட்டம் சிரித்தது. கப்டன் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் என் கையில் தந்துவிட்டுத் திரும்பக் குனிந்து பார்த்தார். கால் நிமிரவில்லை. அவர் மனிசியை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். அவ வெருகல் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

எனக்கு விளங்கிவிட்டது. ஏறுகிற ஆட்களின் நிறையை ஓட்டோ சொல்லிவிடும். மச்சாள்மார் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இப்போது இந்த மனிதர் வாயைத் திறந்து நிறை என்ற சொல்லைச் சொன்னால், அந்த மனிசி இனி ஒருநாளும் இந்த விமானத்தில் ஏறமாட்டா. சொல்லாமல் கிளம்பினால், மேலே ஒரு கரைச்சல் வந்தால், அவ தப்பமாட்டா.

கப்டன் கூட்டத்தைப் பார்த்து, இன்றைக்குக் காற்று சரியில்லை, பறக்க ஏலாது என்றார்.

காற்றுப் பார்க்கிற துணிப்பை கம்பத்தில் செத்த பாம்பு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. தென்னோலை ஒன்றும் அசையவில்லை. கூட்டம் கூக்காட்டியது. மூட்டையை விற்றுவிட்டுச் சீலை வாங்கிக் கட்டச் சொன்னான் ஒருவன். பயந்தாங்கொள்ளி என்று தேத்தண்ணிக் கடைக்காரரே சொன்னார், அவர் கடன் கேட்டால் கூட மரியாதையாகக் கேட்கிற மனிதர். கப்டன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, மனிசியைக் கைபிடித்து இறக்கினார். மயிர் இல்லாத அந்தத் தலை அன்றைக்கு எனக்கு ஒரு கோபுரம் மாதிரித் தெரிந்தது.

வீட்டுக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் தங்கச்சி மெல்லக் கேட்டா.

"தெரிஞ்சிட்டுதோ?"

"நான் கேட்ட இடம் பிழை."

"சரியாச் சொன்னா ஏத்தமாட்டியளோ எண்டும் பயந்திட்டன்."

"நிறை கூடினா வேற பரசூட். அவ்வளவுதானே. குறைச்சுச் சொல்லிப்போட்டு நீர் மேல இருந்து வந்து விழுந்தா, எனக்கு வேற ஆர் இருக்கினம்?"

நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கப்டன் என்னை வரச்சொன்னார். மூதூர் முஸ்லிம் நானா ஒருவரின் மீன் வாடிக்கு, கடற்கரைக் கொட்டிலுக்குப் போனோம். சாக்குச் சாக்காக மீன் நிறுக்கிற பெரிய தராசு அங்கே நிலத்தில் கிடக்கிறது. ஜும்ஆத் தொழுகை நேரம். வாடியில் ஒரு சனமில்லை. நானாவிடம் முதலே கேட்டு வைத்திருந்தார். என்னைக் கடல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். நின்றேன். பின்னால் தராசு கிறீச்சிட்டது. மூட்டை, செருப்பு, எல்லாவற்றோடும் ஏற வேண்டும் என்று கப்டன் சொல்வது கேட்டது.

"இது மீன் தராசு. கூடத்தான் காட்டும்" என்றா தங்கச்சி.

கப்டன் தானும் ஒருதரம் ஏறிப் பார்த்தார் போல. தனக்குச் சரியாகத்தான் காட்டுகிறது என்றார். பிறகு தங்கச்சி சிரிக்கிற சத்தம் கேட்டது, அவரும் சிரித்தார். கணக்கு எனக்குத் தெரியாது. வாடி நாய் ஒன்று மட்டும் பக்கத்தில் படுத்திருந்து பார்த்தது. அது இன்றுவரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்தக் கணக்குக்கு வேறொன்று எடுப்பித்தார். முதுகோடு ஒட்டி நிற்கிற, நீளமான, மெல்லிய சாதி. ஆசனத்தில் கிடந்த மெத்தையைக் கழற்றினதும் தலை முட்டவில்லை. குச்சவெளி பஸ்ஸில் இரண்டு பேரும் மூட்டையோடு போய் வந்தார்கள். என் ஓட்டோவில் திரும்பவும் ஹோர்ன் அடித்தோம். புது அரிசிச் சாக்கு ஒன்றும் வெருகல் பார்த்துவிட்டு வந்தது.

இந்தமுறை கூட்டம் இல்லை. கப்டன் ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. நானும் கொட்டில் நிழலும்தான். காலடியில் குனிந்து பார்த்தார், எழும்பினார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சின்ன விமானம் ஓடி, துள்ளி, கொட்டியாரக் குடாவுக்கு மேலே ஏறியது. தண்ணீரில் அதன் நிழல் ஒரு கொக்கு அளவில் போனது. மூதூர்ப் பக்கம் திரும்பியதும் நிழலும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. நான் நிழலை விட்டு வெளியே வந்து நின்றேன்.

திரும்பி வந்தார்கள். பரசூட் விரியவில்லை. விரிய வேண்டிய தேவை வரவில்லை. தங்கச்சி மூட்டையோடு இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று, வெருகல் பக்கம் திரும்பிப் பார்த்தா. பிறகு சொன்னா, "ஆறு கடலுக்குப் போற இடம் பழுப்பு நிறம் அண்ணை. பிறகு கொஞ்சம் கொஞ்சமா நீலமாகுது. அந்தக் கோடு எங்க எண்டு கண்டுபிடிக்க ஏலாது."

செய்தி பிறகு எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு செலவழித்து வாங்கியதை ஒருநாளும் விரிக்கவில்லையே என்று தேத்தண்ணிக் கடையில் இப்போதும் கேட்கிறார்கள். கப்டன் மூட்டையோடு வடையைக் கடித்துக்கொண்டு, ஓம், நல்ல சாமான் என்பார்.

இப்போதும் இரண்டு பேரும் இடைக்கிடை பறக்கிறார்கள். வானத்தில் அந்தச் சத்தம் கேட்டால் நான் ஓட்டோவை ஓரங்கட்டிவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். சவாரி ஆட்கள் பேசுவார்கள், பேசட்டும். அவ்வளவு உயரத்தில் ஆட்கள் தெரியாது என்று எனக்கும் தெரியும். என்றாலும் இரண்டு தலையும் இருக்கிறதா என்று ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.