எழுத்தன்று நான் எலியான கதை

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வருடங்களாக நான் வெள்ளெலிகளுக்கு மருந்து கொடுத்தேன். அவை தள்ளாடுவதையும் மூலையில் ஒடுங்குவதையும் கொப்பியில் குறித்தேன், அதற்காகப் பட்டமும் வாங்கினேன். அந்த எலிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கடனை வெள்ளவத்தையில், என் கலியாண எழுத்தன்று, அறுபது பேர் பார்த்திருக்கத் தீர்த்துவைத்தேன். (எழுத்து என்றால் சட்டப்படியான விவாகப் பதிவு. எங்கள் ஆட்களிடம் தாலி கட்டுவதற்கு முன்பே பெண் வீட்டில் அது நடந்துவிடும். தாலி பிறகு ஆறுதலாக.)

நான் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பிக்கிறவன். என் ஆராய்ச்சி இரண்டு விஷயங்களைப் பற்றியது. ஒன்று, செரட்டோனின் என்ற மூளை இரசாயனத்தைத் திருப்பி எடுக்கிற கடத்தி. மற்றது, கஞ்சாவில் உள்ள பொருள் போய் ஒட்டுகிற கன்னபினோயிட் சைகை. பயப்படாதீர்கள், பந்தியில் இருந்து சாப்பிட்ட எவருக்கும் இது விளங்கும். பரிமாறுகிறவர் ஒரு நரம்புக் கலம், இலைக்கு முன் இருக்கிறவர் அடுத்த நரம்புக் கலம், இலையில் விழுகிற சோறு செரட்டோனின். நீங்கள் சாப்பிட்டு முடிக்குமுன் ஒருவர் வந்து மிச்சச் சோற்றை அள்ளி, வந்த வாளிக்குள்ளேயே போட்டால் எப்படி இருக்கும்? அவர்தான் கடத்தி. மனச்சோர்வுக் குளிசை (மாத்திரை) அவருடைய கையைப் பிடித்து, ‘கொஞ்சம் பொறும் ஐயா, ஆள் சாப்பிடட்டும்’ என்று மறிக்கிறது.

கன்னபினோயிட் சைகை எதிர்ப்பக்கமாகப் போவது. இலைக்கு முன் இருக்கிறவர் கையைக் குறுக்கே நீட்டி ‘போதும்’ என்கிறாரே, அது. மூளை அந்தக் கையை வேண்டிய இலையில், வேண்டிய நேரத்தில் மட்டும் நீட்டும். கஞ்சாவோ மண்டபம் முழுக்க ஓடித்திரிந்து எல்லா இலைக்கும் மேலே கையை நீட்டும். இந்த விளக்கத்தை நினைவில் வைத்திருங்கள். என் மானத்தை வாங்கியது இதுதான்.

ஆராய்ச்சியின் கடைசி வருடத்தில் நான் உடைந்துபோனேன். காரணமில்லாமல் ஆய்வுகூடத்துக் கழுவுதொட்டியடியில் நின்று அழுதேன். ஒரு வைத்தியரிடம் போனேன். அவர் தந்தது, நான் எலிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே வகைக் குளிசை. ஒன்றரை மாதத்தில் தேறினேன். ஆனால் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. குளிசைகளை விற்றமின் போத்தலுக்குள் ஒளித்து வைத்து விழுங்கினேன். மாணவர்களுக்கு ‘இது சாதாரண மருந்து, வெட்கப்பட ஒன்றுமில்லை’ என்று மேடை போட்டுச் சொல்கிறவனும் நானேதான். ஊருக்குத்தானே உபதேசம்!

தர்ஷினியை எனக்குப் பேசி முடித்த நாட்களில் அவள் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எனக்குப் பொய் மட்டும் சொல்லாதேங்கோ. ஏதும் இருந்தால் இப்பவே சொல்லுங்கோ.”

“ஒண்டுமில்லை,” என்றேன். விற்றமின் போத்தல் அப்போது என் கையில் இருந்தது.

எழுத்துக்கு நான்கு நாள் முன்னர் உறவினர்கள் வந்து எங்கள் வீட்டை நிறைத்தார்கள். என் அறையில் மூன்று பேர். போத்தலை யாராவது திறந்து பார்த்துவிட்டால்? தர்ஷினியின் அப்பாவின் காதுக்குப் போனால்? அவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்து நான் கண்டதில்லை. போத்தலைக் கொண்டுபோய் பல்கலைக்கழக மேசை லாச்சிக்குள் பூட்டினேன். நாலு நாள்தானே என்று நினைத்தேன். ‘இந்தக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் என்ன நடக்கும்?’ என்று வருடா வருடம் சோதனைக்குக் கேள்வி போடுகிறவன் நான். பதில் எழுதாத பிள்ளைக்குப் புள்ளி குறைத்தும் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் பதில் தானாகவே வந்தது. கண்ணை ஒரு பக்கம் திருப்பினால் தலைக்குள் ‘ஸிக்’ என்று கரண்ட் அடித்தது. எழுத்தன்று காலையில் வயிறும் கலக்கத் தொடங்கியது. வேட்டி சால்வையுடன் குளியலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது கொட்டாஞ்சேனைச் சித்தப்பா மறித்தார்.

“என்னடா தம்பி, மாப்பிள்ளைக்கு வயித்தாலையோ?”

“சும்மா ஒரு கலக்கம், சித்தப்பா.”

“இதில ஒண்டைப் போடு. வயித்துக்கு அருமருந்து. நான் ஒவ்வொரு நாளும் படுக்கேக்க ஒண்டு போடுறனான்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய டின்னை எடுத்தார். உள்ளே நெய் மினுங்கும் கறுப்பு உருண்டைகள். எள்ளும் ஏலமும் மணத்தன. ஒன்றைப் போட்டேன், நல்ல ருசி. அரை மணித்தியாலம் ஆகியும் வயிறு கேட்கவில்லை, இன்னும் இரண்டு போட்டேன். என்ன இது என்று நான் கேட்கவே இல்லை. எலிக்குக் கொடுக்கும்போது மில்லிகிராம் பிசகாமல் அளந்தவன், தனக்கு என்று வந்தபோது பலகாரம் மாதிரி விழுங்கினேன்.

பெண் வீடு கடற்கரைப் பக்க ஒழுங்கையில் ஐந்தாம் மாடி. லிப்டில் ஏறினேன். ஐந்தாம் மாடி வர ஒரு வருடம் பிடித்தது.

வீட்டு மண்டபத்துக்குள் தர்ஷினி நீலச் சேலையில் மேசைக்கருகில் இருந்தாள். விவாகப் பதிவாளர் பெரிய புத்தகத்தை விரித்துவைத்து, “மாப்பிள்ளையின் முழுப்பெயர்?” என்றார். எனக்குப் பெயர் தெரியும், ஆனால் அதை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் போனது. ரயில் சோபாவுக்கு நடுவாலே போவதாக எனக்குப் பட்டது. விலகுங்கோ, விலகுங்கோ என்று இரண்டு மாமிமாரை இழுத்து எழுப்பினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. நான் சாகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. உடனே, சாகுமுன் இவர்களுக்குச் செரட்டோனினை விளங்கப்படுத்திவிட வேண்டும் என்றும் தோன்றியது.

அடுத்து நடந்ததைத் தர்ஷினியின் தம்பி போனில் பிடித்து வைத்திருக்கிறான். (அழிக்கச் சொல்லி மூன்று தடவை கெஞ்சிவிட்டேன்.) பலகாரத் தட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கினேன். பதிவாளரின் புத்தகத்தின் மேலும் ஒரு தட்டு. பெண்ணின் தாய்மாமனிடம் வடைச் சட்டியைக் கொடுத்து, “நீங்கள் நரம்புக் கலம், போட்டுக்கொண்டே இருங்கோ” என்றேன். மாமனாரைத் தோளில் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“மாமா, நீங்கள்தான் கடத்தி. அவர் போடப் போட நீங்கள் எடுத்துத் திரும்பச் சட்டிக்குள்ள போடவேணும். கெதியா! ஏன் நிக்கிறியள்?”

மனேஜர் பயத்தில் இரண்டு வடையை எடுத்துச் சட்டிக்குள் போட்டேவிட்டார். அறுபது பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பதிவாளர் தட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். அட்டையில் வடை எண்ணெய் படிந்திருந்தது.

“இந்த நிலையில இருக்கிறவருக்கு நான் எழுதேலாது. சட்டப்படி பிழை,” என்று எழுந்துவிட்டார்.

“குடிச்சிட்டு வெறியில வந்திருக்கிறான்!” என்று தாய்மாமன் கத்தினார். கூட்டத்தில் சித்தப்பா மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தார். டின்னைத் திறந்து எண்ணிப் பார்த்தார்.

“மூண்டு போட்டிட்டானே! அண்ணை, வெறியில்லை, இது மதன மோதகம். ஆயுர்வேதக் கடையில பகிரங்கமா விக்கிறதுதான். கொஞ்சம்... கஞ்சா இலை சேர்ப்பினம்.”

அந்தச் சொல் அந்த வீட்டு மண்டபத்தில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் அம்மா தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டார். “கஞ்சாக்காரனுக்கோ பெட்டை குடுக்கப் பாத்தனாங்கள்?” என்று தாய்மாமன் குதித்தார். தர்ஷினி எழுந்து என் முன்னால் வந்தாள். அவள் முகத்தைக் கண்டதும் எனக்குத் தலைக்குள் இருந்த ரயில் நின்றது.

“அதைத் தெரியாமல் சாப்பிட்டிட்டீங்கள், சரி. ஆனால் நேற்றுப் பின்னேரம் போனில பாக்கேக்கயும் உங்கடை முகம் சரியில்லை. வேற என்ன எடுத்தனீங்கள்?”

“எடுக்கேல்லை,” என்றேன். “அதுதான் பிரச்சினை. எடுக்கிறதை நிப்பாட்டினனான்.”

மோதகம் உள்ளே இருந்ததால் நாக்கில் பூட்டு இருக்கவில்லை. கழுவுதொட்டி, அழுகை, விற்றமின் போத்தல், லாச்சி, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடமாய் ஒளித்ததைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “நீங்கள் கேட்டனீங்கள், நான் பொய் சொன்னனான்” என்று முடித்தேன். வெட்கத்தில் உடம்பு எரிந்தது. தர்ஷினி மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். முடிந்தது என் கலியாணம் என்று நினைத்தேன்.

“மனநோய்க் குளிசையும் எடுக்கிறவரோ! எழும்புங்கோ, போவம்!” என்று தாய்மாமன் சால்வையை உதறினார்.

அப்போதுதான் மாமனார் வாயைத் திறந்தார். கையில் இன்னும் ஒரு வடை இருந்தது.

“தம்பி, அந்தக் குளிசையை டக்கெண்டு நிப்பாட்டினால்... கண்ணைத் திருப்பேக்க தலைக்குள்ள ஸிக் எண்டு கரண்ட் அடிக்குமோ?”

நான் திடுக்கிட்டேன். கரண்ட் அடித்ததை நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அது எங்காவது பத்திரிகையில் வாசித்த ஆளின் கேள்வி அல்ல, பட்ட ஆளின் கேள்வி. அவ்வளவு மயக்கத்திலும் அது எனக்கு விளங்கியது.

“அடிக்கும் மாமா. கடத்தியைப் பிடிச்சிருந்த கை ஒரேயடியா விட்டிட்டுது, அதாலதான். ஆபத்தில்லை. டொக்டரிட்டைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சிருந்தால் இப்பிடி வந்திருக்காது.”

மனேஜர் மெதுவாகக் கதிரையில் இருந்தார். நாலு வருடத்துக்கு முன், ஓய்வு பெற்ற கையோடு, அவருக்கும் யாரோ ஒரு வைத்தியர் அந்தக் குளிசையைக் கொடுத்திருக்கிறார். சுகம் வந்ததும் ஒருவருக்கும் தெரியக்கூடாதென்று எறிந்திருக்கிறார். கரண்ட் அடித்ததும், மூளையில் கட்டி வந்துவிட்டது என்று தானே முடிவெடுத்துவிட்டார். கரண்ட் நின்ற பிறகும் கட்டி உள்ளே இருக்கிறது என்றே நம்பியிருந்தார். மகளின் கலியாணத்தைப் பார்த்துவிட்டுச் சாவோம் என்றுதான் எழுத்தை இவ்வளவு அவசரப்படுத்தினாராம்.

“நாலு வருஷமா? எனக்கே சொல்லேல்லையே நீங்கள்!” என்று மாமி அலறினார். பதிவாளர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். தாய்மாமன் சால்வையை மடித்துத் தோளில் போட்டார்.

“அப்ப எனக்குக் கட்டி இல்லையோ?” என்று கேட்ட மனேஜர், அழுதுகொண்டே அந்த வடையைச் சாப்பிட்டார்.

தர்ஷினி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் ஒரே கள்ளர்,” என்றாள். பிறகு எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தாள். மூன்றாம் மாடி டொக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார். பெண் வீட்டில், பெண்ணின் கட்டிலில், வேட்டியுடன் எட்டு மணித்தியாலம் குறட்டை விட்டேன் என்று கேள்வி.

அடுத்த கிழமை எழுத்து நடந்தது. பதிவாளர் பெயரைக் கேட்கமுன் “காலமை என்ன சாப்பிட்டனீர்?” என்று கேட்டார். பாணும் சம்பலும் என்றேன். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை எனக்கு யாரும் லட்டு நீட்டுவதில்லை. நீட்டினால் சித்தப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவார்கள். பந்தியில் மாமனார் எழுந்தால், “கடத்தி வருது, இலையைப் பிடியுங்கோ!” என்று சின்னதுகள் கத்தும். முன்பு சிரிக்காத மனுஷன் இப்போது வேண்டுமென்றே இரண்டு வடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.

நான் என் வைத்தியரிடம் திரும்பப் போனேன், மாமனாரையும் கூட்டிக்கொண்டு. கட்டி இல்லை என்று படம் எடுத்துக் காட்டினார்கள். அந்தப் படத்தை மாமனார் கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். நாலு வருடப் பயத்துக்கும் சோர்வுக்கும் வைத்தியர் அவருக்கும் குளிசையைத் திரும்பத் தொடங்கிவைத்தார். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு எனக்குத் தொலைபேசி வரும்.

“தம்பி, போட்டிட்டீரோ?”

“போட்டிட்டன் மாமா. நீங்கள்?”

“நானும் போட்டிட்டன்,” என்பார். “மாமியிட்டைக் காட்டித்தான் போட்டனான்.”