டிக்கிக்கு எடுத்த ஆரத்தி

பானெட்டைத் திறந்து வைத்த காரைச் சுற்றி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வண்டிக்கு என்ன கோளாறு என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் ஆளுக்கொரு யோசனை வைத்திருப்பார்கள். இந்தக் கூட்டத்தை எவ்வளவு திட்டினாலும் தகும். ஒரு காலத்தில் அதற்குத் தலைவியாக இருந்தவளே சொல்கிறேன். என் தம்பி கல்யாணத்தை நினைத்தால் இப்போதும் முகம் சிவக்கிறது. வெட்கத்தால் இல்லை, கோபத்தால்.

முதல் கோபம் அந்தக் கார் மேல். ஏற்காட்டில் யாரோ ஒரு பெரியவரிடமிருந்து என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிவந்த பழைய வெளிநாட்டுக் கார். என்னைவிட வயதில் மூத்தது. ஆட்டோமேட்டிக் கியர். அதாவது, கிளச்சை மிதித்துக் கியர் மாற்றுகிற வேலை நமக்குக் கிடையாது, வண்டியே மாற்றிக்கொள்ளும். (மாற்றிக்கொண்டால்தானே!) கள்ளக்குறிச்சியில் எந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்தாலும் கதவைத் திறந்து கால் வைக்கும் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திகைத்து நிற்பார். ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யக்கா, கிளச்சு பெடல எவனோ கழட்டிக்கினு பூட்டான். போலீசுல சொல்லி வைங்க" என்றார்.

கோளாறு இதுதான். முன்னால் போகிற கியரில் போட்டால் இன்ஜின் ஊரைக் கூட்டும், வண்டி நகராது. சற்று நேரம் யோசிக்கும். பிறகு, போனால் போகிறது என்று நகரும்.

அந்த நேரம் பார்த்து என் தம்பி சரவணனுக்குக் கச்சிராயபாளையத்தில் பெண் அமைந்தது. பெண் ரேவதி தங்கம். அவள் அம்மாவைப் பற்றித்தான் நான் எதுவும் சொல்வதற்கில்லை. நிச்சயதார்த்தத்தன்று அந்தச் சம்பந்தியம்மா எல்லோர் எதிரிலும் சிரித்துக்கொண்டே, "மாப்ள அழைப்புக்கு நாங்களே ஜோடிச்ச காரு ஏற்பாடு பண்ணிடறோங்க. உங்க வூட்டு காரு ஷெட்ட வுட்டே வராதாமே?" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "எந் தம்பி எங்க காருலதான் வருவான்! அது வரலன்னா நானும் கல்யாணத்துக்கு வர மாட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

தாலியில் மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. சரவணனுக்கு நான் ஒரே அக்கா. தம்பி என்னைப் பார்த்த பார்வையில், இவள் சொன்னால் சொன்னதைச் செய்து தொலைப்பாளே என்ற கிலி அப்பட்டமாகத் தெரிந்தது.

வீட்டுக்காரர் கார் அடியில் படுத்து எழுந்து, "கியர் பாக்ஸுல ஆயிலு கம்மியாயிடுச்சி. இதுக்குன்னு செவப்பா, மெல்லிசா ஒரு ஆயிலு இருக்குது. சேலத்துல சொல்லி வெச்சிருக்கேன், வந்ததும் வாங்கியாறேன்" என்றார். அவர் எதையும் அவசரப்படாமல் சொல்வார், அவசரப்படாமல் செய்வார். அந்த நிதானத்துடன் குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் என் கோபத்தின் நியாயம் உங்களுக்குப் புரியும்.

மாப்பிள்ளை அழைப்புக்கு முதல் நாள்கூட அந்த ஆயில் வந்து சேரவில்லை. பொறுத்தது போதும் என்று நானே ஆயில் கடைக்குப் போனேன்.

"கியர் பாக்ஸுக்கு ஆயிலு குடுங்க."

"இன்னா வண்டிக்கும்மா?"

பழைய ஆட்டோமேட்டிக் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கார் பெயரை எடுத்தாலே கடைவீதியே சிரிக்கிறதே! "இன்னா வண்டியா இருந்தா உங்களுக்கு இன்னா? இருக்கறதுலயே நல்ல கெட்டி ஆயிலா குடுங்க" என்றேன். அவர் தன்னிடம் ஜாஸ்தி விற்கிற டிராக்டர் கியர் ஆயிலை எடுத்துக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. பாலோ, சாம்பாரோ, தண்ணியாக இருந்தால் ஏமாற்று, கெட்டியாக இருந்தால் அசல். இதுதான் என் சமையல்கட்டுச் சட்டம். அதைக் கியர் பாக்ஸுக்கும் செல்லுபடியாக்கினேன்.

வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கார் அடியில் ஊர்ந்து போய் திருகாணியைக் கழற்றி, மிச்சமிருந்த சிவப்பு ஆயிலை வாசலில் வடியவிட்டேன். எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கோழி அறுத்தியா? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே" என்று குறைப்பட்டுக்கொண்டாள். புது ஆயிலோ, ஊற்றினால் இறங்க மாட்டேன் என்றது. கேனை வெந்நீரில் வைத்து, இளக்கி இளக்கி ஊற்றினேன். அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

மறுநாள் கார் ஓடியது! கொஞ்சம் உறுமியது, பின்பக்கம் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது, ஆனால் ஓடியது. வீட்டுக்காரர் சேலம் போயிருந்தார். பட்டு வேட்டியும் மாலையுமாகத் தம்பியைப் பின்சீட்டில் உட்கார வைத்து நானே ஓட்டினேன். கச்சிராயபாளையம் நெருங்கும்போது சம்பந்தியம்மாவிடமிருந்து போன்.

"இன்னாங்க, காரு கெளம்பிச்சா? இல்ல ஆட்டோ அனுப்பட்டுமா?"

"ஆட்டோவா? எங்க காரு கல்வராயன் மலையே ஏறும், தெரிமா?"

சொன்னதோடு விட்டேனா? அழைப்பு தொடங்க வேண்டிய கோயில் வாசலில் மேளக்காரர்கள் காத்திருக்க, ஊரைத் தாண்டி மலைப் பாதையில் வண்டியை விட்டேன். மேலே நின்று ஒரு போட்டோ எடுத்து அந்தம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம். "யக்கா, நேரமாவுதுக்கா" என்று தம்பி கெஞ்சினான். "நீ வாய மூடிக்கினு குந்து" என்றேன். (நாளைக்குத் தாலி கட்டப் போகிறவனிடம் பேசுகிற பேச்சா அது?)

முதல் வளைவில் தீய்ந்த வாடை வந்தது. இரண்டாவது வளைவுக்கு முன் இன்ஜின் அலறியது, வண்டி நின்றது. முன்னால் போகிற எந்தக் கியரில் போட்டாலும் அலறல்தான், அசைவில்லை. ஆத்திரத்தில் ஸ்டீயரிங்கைக் குத்திவிட்டு ரிவர்ஸில் போட்டேன். டக்கென்று ஒரு சத்தத்துடன் பின்னால் நகர்ந்தது.

"எறங்கி ஆட்டோல பூடலாங்க்கா."

"நா சொன்னது சொன்னதுதான். நீ இந்தக் காருலதான் போற."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். பிறகு மாலையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினான். "வா... வா... லெப்ட்ல ஒடி... ஐயோ பள்ளங்க்கா!" என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்து வளைவைத் தாண்டவைத்தான். சமவெளி வந்ததும் மறுபடி மாலையும் மாப்பிள்ளையுமாக ஏறிக்கொண்டான். கழுத்தைத் திருப்பியபடியே கோயில் வரை பின்னாலேயே ஓட்டினேன். எதிரில் வந்த பஸ் டிரைவர் என்னிடம் கேட்டதை இங்கே எழுத முடியாது.

கோயிலில் என் வீட்டுக்காரர் கையில் சிவப்பு ஆயில் கேனுடன் நின்றிருந்தார். காருக்கு அடியிலிருந்து வந்த புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்ப இத ஊத்தினா ஓடுமா?" என்று சீறினேன்.

"ஓடும். ரோட்டுல செவப்பா ஓடும்" என்றார், வழக்கமான நிதானத்துடன்.

மேளம் முழங்கியது. பட்டாசு வெடித்தது. ஊர்வலம் மண்டபத்தை நோக்கி நடக்க, கார் அதே மண்டபத்துக்கு முதுகைக் காட்டியபடி போனது. உள்ளே என் தம்பி, விட்டுவந்த கோயிலையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூ தூவ வந்தவர்கள் எந்தப் பக்கம் தூவுவது என்று தெரியாமல் பாதியை என் மேல் கொட்டினார்கள். மண்டப வாசலில் சம்பந்தியம்மா ஆரத்தித் தட்டுடன் தயாராக நின்றார். முதலில் வந்து சேர்ந்தது டிக்கி. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டிக்கிக்கு மூன்று சுற்று ஆரத்தி சுற்றினார். நம்பர் பிளேட்டுக்குப் பொட்டு வைத்தார். கிண்டலா, கை போன போக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் இவ்வளவு எரிகிறது.

"பரவால்லீங்க, உங்க காருலதான் வந்துட்டாரு" என்றார் என்னைப் பார்த்து. மறுநாள் மூன்றாவது முடிச்சை நான்தான் போட்டேன். கழுத்து ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டதால் தாலியைப் பார்க்காமல் போட்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். வீடியோக்காரர் நல்ல மனுஷன். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, மாப்பிள்ளை அழைப்பை மட்டும் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடுகிற மாதிரி திருப்பிப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதில் என் கார் ராஜகம்பீரமாக முன்னால் போகிறது. மேளக்காரர்களும் சொந்தக்காரர்களும் பின்னால் பின்னால் நடக்கிறார்கள். சிந்திய பூவெல்லாம் எழும்பி அவரவர் கைக்குப் போகிறது. ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவில்லை. அந்த வீடியோவில் மாப்பிள்ளை மண்டபத்திலிருந்து கிளம்பி, வந்த வழியே போய்விடுகிறார்.

இப்போது தம்பிக்கும் ரேவதிக்கும் வீட்டில் சண்டை என்றால் பாத்திரம் பறப்பதில்லை. ரேவதி டிவியில் அந்த வீடியோவைப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்கிறாள்.

"அண்ணி, உங்க தம்பி கெளம்பிக்கினு இருக்காரு. வந்து எடுத்துக்கினு போங்க."