மீசைக்கு வந்த மரநோய்

“சித்தப்பா, இதுவும் மஞ்சள்.”

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் லுவான் நீட்டிய விரல்நுனியளவுக் குழாயை வின் வாங்கிப் பார்த்தார். குழாயிலிருக்கும் நீர் இளஞ்சிவப்பாகவே நின்றால் மரம் பிழைத்தது. மஞ்சளானால் உள்ளே பூஞ்சை. நோய் உறுதியானால் தன் மலையில் பலகைக்காக வளர்த்த மாஞ்சியம் மரங்கள் அத்தனையையும் வெட்டி எரிப்பதாக ஊர்க்கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்.

“ஒரு இலைகூட வாடலையேம்மா!”

“வாடுறதுக்கு முன்னாடி சொல்லத்தான் இது. கண்ணுக்கே தெரியாத அளவு பூஞ்சை ஒட்டியிருந்தாலும் அதோட மரபணுவைப் பிடிச்சு, அரை மணியில லட்சக்கணக்காப் பெருக்கிக் காட்டிடும்.”

கன்றிலிருந்து தொட்டுத் தொட்டு வளர்த்தவரிடம் சொல்லாத ரகசியத்தை, மரங்கள் இந்தப் பொடிக் குழாயிடம் சொல்லிவிட்டனவே!

“ஓடைப்பக்க மரத்தையும் பாரு.”

ஓடைப்பக்கமும் மஞ்சள்.

லுவான் கையுறையை மாற்றினாள். மேசையில் படிந்திருந்த மரத்தூளைத் துணியால் ஓங்கித் தட்டினாள். அறையெங்கும் புழுதி பறந்தது.

“பார்த்தும்மா! மச்சான் லம் கொடுத்த மேசை,” தும்மலுக்கு நடுவிலும் வின்னுக்குப் பெருமை. “அவன் மலை மரத்தையெல்லாம் நல்ல விலைக்கு வித்துட்டு, மிஞ்சின பலகையில பண்ணி அனுப்பினான். புதுசுல்ல, கொஞ்சம் தூள் கொட்டும்.”

அடுத்து வாசல் கொய்யாவைச் சோதித்தாள். முன்னைவிடச் சீக்கிரமாகவே மஞ்சளானது.

“ஐயோ, கொய்யாவுக்கும் தொத்திடுச்சா!”

“இருக்காதே சித்தப்பா...”

“அப்போ இதைப் பாரு!” ஆவேசத்தில் வின் மீசையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கொடுத்தார்.

அரை மணி கழிந்தது. பளிச்சென்ற மஞ்சள்.

“என்னையும் வெட்டி எரிக்கணுமா?”

“கருவி பொய் சொல்லாது, சித்தப்பா. ஆனா எதைப் பார்த்துச் சொல்லுதுன்னுதான் புரியல.”

வின் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பயத்தை மீறி உடம்பு சிலிர்த்தது. ஒரு மீசை முடிக்குள் புகுந்து தேடும் கண்ணா இது! இதனோடு மனிதன் வாதாட முடியுமா? வாசலுக்குப் போய், காத்திருந்த வெட்டுகிற ஆட்களுக்குக் கையசைத்தார். மலையடிவாரத்தில் இயந்திர ரம்பம் உறுமியது.

அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் லம். சேதி கேட்டு எல்லைப்புறத்திலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்திருந்தான். உள்ளே வந்தவன் வின்னைக் கட்டிக்கொண்டு, மேசையைத் தடவியபடி விம்மினான்.

“அழாதீங்க மச்சான். வித்தேன்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. என் மலையும் இதே நோயிலதான் மொத்தமாப் போச்சு. கடைசியாச் செத்த மரத்தை எரிக்க மனசு வரல. அதான் உங்களுக்கு மேசையாப் பண்ணிக் கொடுத்தேன்!”

லுவான் தன் கையுறையில் ஒட்டியிருந்த மேசைத் தூளைப் பார்த்தாள்.